ஸ்கேன் படத்தில் குழந்தையின் மனம் தெரியுமா?

“என் மகனுக்கு 8 வயது. ஓர் இடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சேர்ந்தாற்போலப் படிக்க மாட்டான். மூளையை ஸ்கேன் எடுத்தால் கவனம் ஏன் சிதறுகிறது, எதில் திறமை இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். கணக்குப் போடும்போது மூளையில் இந்த இடம் ஒளிர்கிறது என்று செய்திகளிலும் சிவப்பு மஞ்சளாகப் படம் வருகிறது. எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தச் சிவப்பு உண்மையில் என்ன, குழந்தைகளின் மனம் வளர்வதைப் பற்றி இந்தப் படங்கள் பொதுவாக என்ன சொல்கின்றன, உங்கள் மகன் ஒருவனைப் பற்றி என்ன சொல்லும். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது மூன்றாவதை. அதற்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு குழந்தையின் கவனக் குறைவுக்குக் காரணத்தையோ அவனுடைய திறமையையோ ஸ்கேன் பார்த்துச் சொல்ல இன்று யாராலும் முடியாது. ஆனால் “முடியாது” என்பதை வைத்து இந்தத் துறையே வெறும் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கே அது உறுதியாக நிற்கிறது, எங்கே ஆடுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால்தான் அந்த “முடியாது” எதனால் என்று புரியும்.

முதலில் அந்தச் சிவப்பு. மூளைக்குள் எதுவும் ஒளிர்வதில்லை. எஃப்எம்ஆர்ஐ என்னும் செயல்பாட்டு எம்ஆர்ஐ அளப்பது நியூரான்கள் என்னும் நரம்பு செல்களை அல்ல, அவற்றுக்குப் போகும் ரத்தத்தை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்க்கும், ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினை ஈர்க்காது. இதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936-லேயே காட்டினார்கள். இந்த வித்தியாசத்தை எம்ஆர்ஐ படத்தில் பிடிக்கலாம் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா எலிகளில் காட்டினார். 1992-ல் மனிதர்களிடம் முதல் முடிவுகள் வந்தன. ஓரிடத்து நியூரான்கள் கூடுதலாக வேலை செய்தால் அங்கே ரத்தம் பாய்கிறது. செலவாகும் ஆக்சிஜனைவிட வந்து சேரும் ஆக்சிஜன் அதிகமாக இருப்பதால், ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் பங்கு குறைந்து சிக்னல் கொஞ்சம் ஏறுகிறது. எவ்வளவு கொஞ்சம் என்றால், 3 டெஸ்லா காந்த வலிமை உள்ள இயந்திரத்தில் 1000 என்று இருந்த எண் 1010 ஆனால் அது நல்ல சிக்னல். யோசிப்பது, நினைவில் வைப்பது போன்ற வேலைகளுக்குப் பல சமயம் 1005-தான் கிடைக்கும். நியூரான்களின் வேலை மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். ரத்தம் உச்சத்தைத் தொட 5 விநாடி போல ஆகும், பழைய நிலைக்குத் திரும்ப 15 முதல் 20 விநாடி. படத்தின் மிகச் சின்னத் துண்டான ஒரு வோக்ஸல் பக்கத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நியூரான்கள் இருக்கின்றன, தூண்டுபவையும் அடக்குபவையும் கலந்து. அவ்வளவு பேர் சேர்ந்து பேசுவதை, ஐந்து விநாடி தாமதமாக, ரத்தத்தின் வழியாகக் கேட்கிறோம்.

கணக்குப் போடும்போது ஒளிரும் இடம் எப்படி வருகிறது? குழந்தை 20 விநாடி கூட்டல் கணக்குகளைப் பார்க்கிறது, அடுத்த 20 விநாடி வெறும் எண்களைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துகிறது. இப்படி எட்டுப் பத்து முறை. கணக்கு நேரத்துச் சிக்னலிலிருந்து எண் பார்த்த நேரத்துச் சிக்னலைக் கழித்து, மிஞ்சும் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று ஒவ்வொரு வோக்ஸலுக்கும் புள்ளியியல் சோதனை போடுகிறார்கள். சோதனையில் தேறிய வோக்ஸல்களுக்கு நிறம் பூசுகிறார்கள். ஆகவே சிவப்பு என்பது ‘இங்கே வேலை நடக்கிறது’ என்பதல்ல. ‘அந்த வேலையைவிட இந்த வேலையில் இங்கே வித்தியாசம் கூடுதல் என்று சொல்லத் துணிகிறோம்’ என்பது. நிறம் பூசாத இடங்களும் முழு நேரமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. எண்களுக்குப் பதிலாக முகங்களைக் காட்டிக் கழித்திருந்தால் வேறு படம் வந்திருக்கும். எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று சொல்லாத மூளைப் படத்துக்கு அர்த்தமே இல்லை.

நிறம் பூசும் வரம்பை எங்கே வைப்பது என்பதும் சாதாரண விஷயமல்ல. ஒரு லட்சம் வோக்ஸல்களில் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்ற வரம்பை வைத்தால், ஒன்றுமே நடக்காத மூளையிலும் தற்செயலாக நூறு வோக்ஸல் சிவக்கும். இதைக் கண்ணில் அறைந்தாற்போலக் காட்டியது 2009-ல் கிரெய்க் பென்னெட் குழு செய்த சோதனை: செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, வழக்கமான கணக்கைத் திருத்தமில்லாமல் போட்டார்கள். மீனின் மூளையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. இத்தனை வோக்ஸல்களை ஒரே நேரத்தில் சோதிப்பதை ஈடுகட்டும் திருத்தத்தைப் போட்டதும் மறைந்தன. அதற்குப் பிறகு திருத்தம் செய்யாத ஆய்வுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனாலும் தரவைக் கையாளும் வழிகள் பல. ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே 9 கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்ன ஆய்வு 2020-ல் வெளியானது. இரண்டு குழுக்கள்கூட முழுக்க ஒரே வழியில் போகவில்லை, பல கருதுகோள்களில் முடிவும் ஒத்துப்போகவில்லை.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஇஜி தலைத்தோலில் மின்முனைகளை வைத்து மில்லி விநாடி துல்லியத்தில் மின்னழுத்தத்தைப் பிடிக்கும்; ஆனால் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது மங்கல். மெக் காந்தப் புலத்தைப் பிடிக்கிறது, இடம் ஓரளவு தெளிவு, செலவு மிக அதிகம். ஒளி வழியாக அளக்கும் எஃப்நிர்ஸ், தொப்பி போலப் போட்டுக்கொள்வது. தாயின் மடியில் இருக்கும் கைக்குழந்தைக்குக்கூடப் பொருந்தும், ஆனால் ஒளி மேற்பரப்பைத் தாண்டி ஆழத்துக்குப் போகாது, அடர்ந்த கருமுடி இருந்தால் ஒளி அதிலேயே நின்றுவிடும். பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்ற வேண்டும். ஆராய்ச்சிக்காக மட்டும் ஆரோக்கியமான குழந்தைக்கு அதைச் செய்வதில்லை. எம்ஆர்ஐயில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை என்பதால்தான் குழந்தைகளைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்ப்பதற்கு அது முக்கியக் கருவியாக இருக்கிறது.

இனி, ஒரு ஆறு அல்லது எட்டு வயதுப் பிள்ளையை ஸ்கேனரில் படுக்க வைப்பது எப்படி என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முடிவுகளின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. நல்ல ஆய்வுக்கூடங்களில் அசல் இயந்திரத்துக்கு முன்னால் காந்தம் இல்லாத மாதிரி ஸ்கேனர் ஒன்று இருக்கும். பிள்ளை அதில் படுத்து, பதிவு செய்த இயந்திரச் சத்தத்தைக் கேட்டு, சிலை விளையாட்டு விளையாடும். நெற்றியில் ஒட்டிய உணரி, தலை சில மில்லிமீட்டர் அசைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்டூனை நிறுத்திவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அசையாமல் இருப்பதைப் பழகிவிடுவார்கள். பிறகு கழிவறை. இதைத் தவறவிட்டால் பாதியில் எழுந்துவிடுவார்கள். பிறகு உலோகச் சோதனை: கிளிப், பெல்ட், பல் கம்பி, உடலுக்குள் வைத்த எதுவானாலும். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன். தலையின் இருபுறமும் பஞ்சுத் திண்டு, உடம்புக்குப் போர்வை, கையில் அழுத்தினால் வெளியே மணியடிக்கும் பந்து. உடல் அமைப்பைக் காட்டும் படத்துக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும், அப்போது கார்ட்டூன் ஓடும். செயல்பாட்டு ஓட்டங்களை ஐந்து ஐந்து நிமிடமாகத் துண்டு போட்டு, இடையிடையே பேச்சுக் கொடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் வரும் தரவு பெரும்பாலும் குப்பைக்குப் போகும்.

பச்சைக் குழந்தைகளுக்கு வேறு வழி. பாலூட்டி, துணியில் சுற்றி, தானாகத் தூங்கவைத்து, சத்தத்தைப் படிப்படியாக ஏற்றி எடுப்பார்கள்; மயக்க மருந்து கொடுப்பதில்லை. இடைப்பட்ட 1 முதல் 4 வயதுதான் பெரிய சிக்கல். சொன்னால் அசையாமல் கிடக்கும் வயதும் இல்லை, சுற்றி வைத்தால் தூங்கும் வயதும் இல்லை. இரவில் வந்து தூக்கத்தில் எடுத்தவைதான் இந்த வயதின் எம்ஆர்ஐ தரவில் பெரும்பகுதி. மொழி வெடித்துக் கிளம்பும் வயதைப் பற்றி, விழித்திருக்கும் மூளையின் எஃப்எம்ஆர்ஐ நம்மிடம் மிகக் குறைவு.

அசைவு என்றேனே, அதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய பாடம். ஓய்வு நிலை எஃப்எம்ஆர்ஐயில், ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போது எந்தெந்தப் பகுதிகளின் சிக்னல் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சேர்ந்து ஏறி இறங்கினால் அவற்றுக்குள் தொடர்பு இருக்கிறது என்று பொருள் கொள்வார்கள். 2000-களின் பின்பாதியில் அழகான முடிவு ஒன்று வந்தது: சிறு பிள்ளைகளிடம் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு வலுவாகவும், தூரத்துப் பகுதிகளின் தொடர்பு பலவீனமாகவும் இருக்கிறது, வளர வளர இது தலைகீழாகிறது. மூளை உள்ளூர்ப் பேச்சிலிருந்து நெடுந்தூரப் பேச்சுக்கு முதிர்கிறது என்று எல்லாரும் எழுதினார்கள். 2012-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் காட்டின. தலை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அசைந்தாலே பக்கத்துத் தொடர்புகள் வலுவானதுபோலவும் தூரத்துத் தொடர்புகள் பலவீனமானதுபோலவும் தெரியும். சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். வளர்ச்சி என்று வரைந்த படத்தில் ஒரு பெரும்பங்கு, பிள்ளைகள் நெளிந்ததன் படம். திருத்திக் கணக்குப் போட்டபோது அந்த விளைவு முழுக்க மறையவில்லை, ஆனால் நன்றாகச் சுருங்கிவிட்டது. தங்கள் சொந்த முடிவுகளையே திரும்பிப் பார்த்துத் திருத்தியவர்களும் இந்த ஆராய்ச்சியாளர்களில் இருந்தார்கள் என்பதை மதிப்போடு சொல்ல வேண்டும்.

இப்போது வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு படத்துக்கும் முந்தையதற்கும் இடையே தலை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, 0.2 மில்லிமீட்டரைத் தாண்டிய படங்களை வெட்டி எறிவது; மிஞ்சியது ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிள்ளையின் தரவையே விடுவது. ஆய்வைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும். இதிலும் ஒரு விலை இருக்கிறது, உங்கள் கேள்விக்கு இது நேராகப் பொருந்தும். கவனம் சிதறும் பிள்ளைகள்தான் ஸ்கேனரில் அதிகம் அசைகிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டால் அசைவு, மூளை வித்தியாசம்போல வேஷம் போடுகிறது. உடல் அமைப்புப் படத்தில்கூட அசைவால் ஓரங்கள் மங்கி, மூளையின் மேற்பரப்பான புறணி உண்மையைவிட மெல்லியதாக அளக்கப்படும். அவர்களை விட்டுவிட்டால், மிஞ்சுவது கவனக் குறைவு உள்ளவர்களிலேயே அமைதியானவர்கள் மட்டும். அவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் அல்ல. இந்த இரட்டைச் சிக்கலிலிருந்து முழுசாகத் தப்பிய வழி எதுவும் இன்னும் இல்லை.

கைக்குழந்தைகளிடம் இன்னொரு பொறி. பெரியவர்களின் டி1 என்னும் வழக்கமான எம்ஆர்ஐ வகைப் படத்தில் நரம்பு செல்கள் இருக்கும் சாம்பல் பொருள் இருட்டாகவும், நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் வெளிச்சமாகவும் தெரியும். பிறந்த குழந்தைக்கு இது தலைகீழ், ஏனென்றால் இழைகளைச் சுற்றிய மயலின் உறை இன்னும் ஏறவில்லை. ஆறு மாதத்தை ஒட்டி இரண்டும் ஒரே நிறமாகி, எல்லைக்கோடே காணாமல் போய்விடும். பெரியவர்களுக்காக எழுதிய மென்பொருளை அப்படியே ஓட்டினால் அது கூச்சமில்லாமல் தப்பான எண்களைக் கொடுக்கும். ரத்தம் பாயும் விதமும் குழந்தைகளிடம் வேறு. சிக்னல் குறைவு என்றால் நியூரான் வேலை குறைவு என்று உடனே எடுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவையும் தாண்டி உறுதியாகத் தெரிந்தவை இருக்கின்றன. மூளையின் கன அளவு முதல் ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆறு வயதில் பெரியவர்களின் அளவில் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 2022-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,20,000-க்கும் மேற்பட்ட ஸ்கேன்களைச் சேர்த்து, கருவிலிருந்து 100 வயதுவரை வளர்ச்சி வரைபடம் போட்டார்கள். அதன்படி சாம்பல் பொருளின் மொத்த அளவு 6 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்லக் குறைகிறது. வெண்பொருள் 30 வயதை நெருங்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. பார்வை, தொடுவுணர்வு, அசைவு சார்ந்த பகுதிகள் முந்தியும், திட்டமிடல், அடக்கிக்கொள்ளல் போன்றவற்றில் பங்கெடுக்கும் முன்பகுதிகள் பிந்தியும் முதிர்கின்றன. இந்த வரிசை வெவ்வேறு இயந்திரங்களில், வெவ்வேறு கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

அளவு உறுதி, ஆனால் அதற்கான காரணம் அந்த அளவுக்கு உறுதி இல்லை. பள்ளி வயதில் புறணி மெலிவதைப் பார்த்து, வேண்டாத இணைப்புகளை மூளை கத்தரித்துவிடுகிறது என்று எழுதுவது வழக்கம். இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் எண்ணியதில், நியூரான்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களான சினாப்ஸ்கள் குறைவது உண்மைதான். ஆனால் எம்ஆர்ஐயால் ஒரு சினாப்ஸைக்கூடப் பார்க்க முடியாது. மயலின் உறை புறணியின் அடி அடுக்குகளுக்குள் ஏறினால், அந்த அடுக்கு படத்தில் வெண்பொருளாக மாறித் தெரியும். எதுவும் கத்தரிக்கப்படாமலேயே புறணி மெல்லியதாக அளக்கப்படும். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம், எது எவ்வளவு என்பது திறந்த கேள்வி. அதேபோல ‘மூளை 25 வயதில்தான் முதிர்கிறது’ என்ற வாசகத்துக்கும் அடிப்படை மெலிது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வளைகோடு. 25-ல் ஒரு கதவு சாத்திக்கொள்வதாக எந்த வரைபடத்திலும் இல்லை.

மனதின் வளர்ச்சியை இந்தக் கருவி நன்றாகப் பிடித்த இடம் என்று கேட்டால் நான் வாசிப்பைச் சொல்வேன். எழுத்து வந்து ஐயாயிரம் ஆண்டுகள் போலத்தான் ஆகிறது; அதற்கென்று ஓர் உறுப்பு பரிணாமத்தில் உருவாக அவகாசமே இல்லை. இருந்தும் வாசிக்கத் தெரிந்தவர்களிடம், எந்த எழுத்துமுறையானாலும், மூளையின் இடப்பக்க அடிப்பகுதியில் ஏறத்தாழ ஒரே இடம் எழுதிய சொற்களுக்குச் சிறப்பாக வினைபுரிகிறது. 2016-ல் வெளியான ஆய்வில் ஒரே பிள்ளைகளை 5 வயதிலும் 8 வயதிலும் பார்த்தார்கள். வாசிக்கத் தெரியாத 5 வயதில் மூளைக்குள் இழைகள் போகும் தடத்தை வைத்து, 8 வயதில் அந்தச் சொல் பகுதி எங்கே அமையும் என்று கணிக்க முடிந்தது. 2018-ல் இன்னொரு குழு வெறும் 10 பிள்ளைகளை, பள்ளியில் எழுத்துக் கற்கும் முதல் ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, அந்தப் பகுதி முளைப்பதையே பார்த்தது. பத்துப் பேர் போதுமா என்று கேட்கலாம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டிருந்தால் போதாது. அவரவரை அவரவரோடு, கற்பதற்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டதால் போதும். மூன்று மாதக் குழந்தைகள் பேச்சைக் கேட்கும்போது, பெரியவர்களைப் போலவே காதுக்கு மேலே இடப்பக்கப் பகுதிகள் கூடுதலாக வினைபுரிகின்றன என்று 2002-ல் காட்டியதும் இந்த வகையில் மதிக்க வேண்டிய வேலை.

ஆடும் இடத்துக்கு ஓர் உதாரணம். ‘பதின்வயதினர் படத்தைப் பார்த்தபோது அமிக்டாலா தூண்டப்பட்டது, எனவே அவர்கள் பயந்தார்கள்’ என்ற வகை வாக்கியத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். அமிக்டாலா என்பது மூளையின் உள்ளே, உணர்ச்சிகளோடு தொடர்புடைய சிறு பகுதி. பயந்தால் அது வினைபுரிகிறது என்பது சரி. ஆனால் புதிய பொருள், ஆர்வமூட்டும் முகம், எதிர்பாராத பரிசு, இவற்றுக்கும் அது வினைபுரிகிறது. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று ஆகாது. மூளைப் பகுதியிலிருந்து மனநிலைக்குத் தாவும் இந்தத் தலைகீழ் ஊகம், துறைக்குள்ளேயே பல காலமாகக் கண்டிக்கப்பட்டும் செய்திகளில் ஓயவில்லை.

இனி உங்கள் மகன். கவனக் குறைவுக் கோளாறான ஏடிஹெச்டி உள்ள 1,713 பேரையும் இல்லாத 1,529 பேரையும் 23 இடங்களிலிருந்து சேர்த்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2017-ல் வந்தது. ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் மூளையின் உட்பகுதிகள் சில சராசரியில் சற்றுச் சிறியவை. மிகப் பெரிய வித்தியாசம் அமிக்டாலாவில். அதுவும், ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் வேறுபாட்டின் அளவான திட்ட விலக்கத்தில் 0.19 பங்குதான். இதை இப்படிப் பாருங்கள்: ஏடிஹெச்டி உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்து, யாருடைய அமிக்டாலா சிறியதோ அவருக்குத்தான் ஏடிஹெச்டி என்று சொன்னால், நூற்றுக்கு 55 முறை சரியாக இருக்கும். நாணயத்தைச் சுண்டினால் 50. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் உண்மையான ஒரு வித்தியாசம், ஒரு பிள்ளையை முன்னால் உட்கார வைத்ததும் கைகொடுக்காமல் போவது இப்படித்தான். மூளை அளவீடுகளுக்கும் அறிவுத்திறன், நடத்தை போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் எவ்வளவு சிறியது என்பதை, ஏறத்தாழ 50,000 பேரின் தரவை வைத்து 2022-ல் இன்னோர் ஆய்வு காட்டியது. இருபது முப்பது பேரை வைத்துச் செய்த பழைய ஆய்வுகள் பல ஏன் திரும்பக் கிடைக்கவில்லை என்பதும் அதோடு விளங்கியது.

ஒரே ஆளை நிறைய நேரம் அளந்தால் முடியாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பத்துப் பெரியவர்களை ஆளுக்கு ஐந்து மணி நேரம் ஓய்வு நிலையில் ஸ்கேன் செய்தபோது, ஒவ்வொருவரின் மூளை வலையமைப்பும் அவரவர்க்கே உரிய வடிவத்தில் தெளிவாக வந்தது. ஆனால் அது வடிவத்தைக் காட்டியதே தவிர, இந்த வடிவம் உள்ளவருக்கு இசை வரும், அந்த வடிவம் உள்ளவருக்குக் கணக்கு வரும் என்று சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து அசைவில்லாத ஐந்து மணி நேரத்தை வாங்குவதும் லேசில்லை. ஆகவே ஒரு தடவை ஸ்கேன் எடுத்து, பல வண்ணப் படங்களோடு திறமைப் பட்டியலோ ‘இடமூளைக்காரர், வலமூளைக்காரர்’ என்ற முத்திரையோ கொடுக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அறிவியல் இல்லை. பணத்தைவிட எனக்குக் கவலை, அந்த முத்திரையைப் பிள்ளை நம்பிவிடுவது.

ஸ்கேன் தேவைப்படும் சூழ்நிலைகள் வேறு. வலிப்பு, தலையில் பலத்த அடி, தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலியோடு வாந்தி, உடம்பின் ஒரு பக்கம் பலவீனம், முன்பு வந்த பேச்சோ நடையோ பின்வாங்குவது, இப்படி ஏதாவது இருந்தால் மருத்துவர் எம்ஆர்ஐ எழுதுவார், தாமதிக்காமல் எடுக்க வேண்டும். வலிப்புக்கான அறுவை சிகிச்சைக்கு முன் மொழிப் பகுதி எந்தப் பக்கம் என்று பார்க்க எஃப்எம்ஆர்ஐ தனி ஒரு குழந்தைக்கே உதவுகிறது. வெறும் தெரிந்துகொள்ளும் ஆவலுக்காக மயக்க மருந்து கொடுத்து எடுப்பது கூடாது.

கவனம் சிதறுவதற்கு இன்றும் சரியான வழி கேட்டும் பார்த்தும் அறிவதுதான். முதலில் கண், காது, தூக்கம். குறட்டை விட்டு அரைகுறையாகத் தூங்கும் பிள்ளை பகலில் துருதுருவென்று திரிவது அடிக்கடி தவறவிடப்படும் காரணம். அடுத்து, வாசிப்பதில் குறிப்பான சிரமம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து பிடிபடாத பிள்ளையும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவான். பிறகு குழந்தை மனநல மருத்துவரோ உளவியலாளரோ பார்ப்பது: அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா, 12 வயதுக்கு முன்பே தொடங்கியனவா, வீடு பள்ளி என்று இரண்டு சூழல்களிலாவது தெரிகின்றனவா, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கின்றனவா. பிடித்ததில் மட்டும் ஒரு மணி நேரம் மூழ்கியிருப்பான் என்பதை வைத்து ‘இல்லை’ என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம், கவனக் குறைவு உள்ள பிள்ளைகளிடமும் அது உண்டு. ஆசிரியர் எழுதித் தரும் இரண்டு பக்கம், இந்த விஷயத்தில் எந்தப் படத்தையும்விட மருத்துவருக்கு உதவும்.

ஓர் ஆய்வுக் குழு மகனை ஸ்கேனுக்கு அழைத்தால் அது வேறு கதை. அவனுக்கும் விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகலாம். குழந்தைகள் வராமல் இந்தத் துறை நகராது, துள்ளும் பிள்ளைகள் வருவது இன்னும் முக்கியம். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பழக மாதிரி ஸ்கேனர் உண்டா, அவன் போதும் என்றதும் நிறுத்திவிடுவார்களா, படங்களைக் கதிரியக்க மருத்துவர் யாராவது பார்ப்பாரா, எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால் உங்களுக்கு எப்படிச் சொல்வார்கள். பலவற்றில் மருத்துவர் பார்ப்பதில்லை, அதனால் ‘ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. போகும் நாளில் ஜிப்போ உலோகப் பொத்தானோ இல்லாத உடை போட்டுவிடுங்கள், முந்தைய இரவு நன்றாகத் தூங்கவையுங்கள். கேட்டால் மூளையின் ஒரு படத்தை அவனுக்குக் கொடுப்பார்கள்.